மூன்று செகண்டுக்கு மேல்

ஜூன் 9

தம்பிக்கு,

போன் பண்ணினால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்புகிறாய். அதனால் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். கடிதம் என்றால் கையெழுத்தைப் பார்த்தாவது பிரிப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் நாற்காலியைக் காட்டினாலே ஏதோ கெட்ட சேதி என்று அர்த்தம். "மேடம், போன வருஷம் எடுத்த உங்க லெக்சர் வீடியோ எல்லாம் பிரமாதம். ஒரு தடங்கல் இல்ல, ஒரு இழுவை இல்ல. பசங்க எப்ப வேணும்னாலும் போட்டுப் பாத்துக்குறாங்க. இந்த வருஷம் அதையே ஓட்டிடலாம். நீங்க வந்து நிக்கணும்னு அவசியமே இல்ல" என்றார். இனி எனக்கு விடைத்தாள் திருத்துவதும், மெயிலில் வரும் சந்தேகங்களுக்குப் பதில் போடுவதும்தான் வேலையாம். இருபத்தாறு வருடம் உடற்கூறியல் நடத்தியவளுக்கு வகுப்பறை கிடையாது. நீ 'பெரியவர்' என்று பேர் வைத்தாயே, அந்தப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, அவரையும் என்னையும் ஒரே நாளில் ஓரங்கட்டிவிட்டார்கள்.

நான் சும்மா விடுவேனா? விதிப் புத்தகத்தைத் தோண்டி எடுத்தேன். வகுப்பில் நடந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டியிருந்தாலோ, நடக்காததைச் சேர்த்திருந்தாலோ, அந்தப் பதிவை வகுப்புக்குப் பதிலாக வைக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. நான் ஐம்பது நிமிடம் நடத்துகிறேன். உன் கை பட்டு வெளியே வரும் வீடியோ முப்பத்தாறு நிமிடம் ஓடுகிறது. இதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

எங்கள் காலேஜில் வேலையில் இருந்த மூன்று வருடமும் என் வீடியோக்களை எடிட் செய்தவன் நீதான். "இவ்வளவு வெட்டினேன்" என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜூலை பதினைந்துக்குள் டைம்டேபிள் முடிவாகிவிடும். எனக்கு என் வகுப்பு வேண்டும். அது போய்விட்டால் இந்த வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? உன் மாமாவுக்குக் காது மந்தம். நான் பேசினாலும் பேசாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரித்தேன்.

இங்கே வேலை பரவாயில்லை. டிவியில் சமையல் நிகழ்ச்சி. ஒரு அம்மா அரை மணி நேரம் வெங்காயம் வதக்குவார், நான் அதை இரண்டு செகண்டில் பொன்னிறமாக்கிக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்து நானே வதக்கும்போதுதான் எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிகிறது.

நீ கேட்ட விஷயம். அக்கா, நான் அந்த வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது. கணக்கெல்லாம் வீடியோ பதிவு அறை ரிஜிஸ்டரில்தான் இருக்கும். வேலையில் இல்லாதவன் எழுதிக் கொடுத்தால் செல்லுமா என்று தெரியவில்லை. அதுவும் இல்லாமல், இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறாய்? இருபத்தாறு வருடம் நின்றே நடத்தியாயிற்று. உன் முட்டி உன்னைத் திட்டாத நாள் உண்டா? வகுப்புக்கு வருகிறவர்களும் ஆறேழு பேர்தான், மற்றவர்கள் படுக்கையில் படுத்துக்கொண்டு வீடியோ பார்க்கிறவர்கள். அவர்களுக்காக நீ ஏன் மூன்று மாடி ஏற வேண்டும்?

கொஞ்ச நாள் ஓய்வு எடு. உடம்பை ஒரு முறை முழுதாகப் பரிசோதித்துக்கொள். உன் வயதில் எல்லாரும் செய்கிறார்கள். மாமாவையும் கூட்டிப் போ, காதைக் காட்டலாம்.

போன் எடுக்காததற்குக் கோபிக்காதே. இங்கே எந்நேரமும் காதில் ஹெட்போன்.

உன் தம்பி


ஜூன் 24

டேய்,

உடம்பைப் பரிசோதிக்கச் சொல்ல உன்னை யாரும் கேட்கவில்லை. கேட்டது கையெழுத்து.

ரிஜிஸ்டர் என்று எழுதியிருந்தாயே, பதிவு அறைக்கே போய்விட்டேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் நல்ல பெண். எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு வகுப்புக்கும் நேரே உன் கையெழுத்தில் 'வெட்டியது 4 நிமிடம்'. ஒன்று விடாமல் நான்கு. அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், இது எழுதணுமேன்னு எழுதுன மாதிரி இருக்கு" என்றாள். ஐம்பதில் நான்கு போனால் முப்பத்தாறா? சின்ன வயதில் உனக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான், அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

ஏன் பொய் எழுதினாய்? எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதே. தலைவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. என்னை வெளியே தள்ள இப்படி ஒரு வழி அவருக்கு வேண்டியிருந்தது, நீ செய்து கொடுத்தாய். டிவி வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்ததும் அவர்தானே? அக்காவை விற்றுவிட்டுப் போயிருக்கிறாய்.

நீ எதை வெட்டினாய் என்றாவது தெரியுமா உனக்கு? நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிற்பேன். பசங்கள் யோசிக்கட்டும் என்று நிற்பேன். என் பாடமே அந்த நேரத்தில்தான் இருக்கிறது. அதை எல்லாம் வழித்து எறிந்துவிட்டு, மூச்சு விடாமல் ஒப்பிக்கும் ஒருத்தியை உண்டாக்கி வைத்திருக்கிறாய். அவளைத்தான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது.

அம்மா போன பிறகு உன்னை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். கையெழுத்துப் போட முடியாது என்றால் இனி எனக்குத் தம்பி கிடையாது.

அக்கா


ஜூலை 1

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தாளை என்ன ஆனாலும் தபாலில் போட்டுவிடுவேன்.

தலைவருக்கும் எனக்கும் எந்தப் பேச்சும் இல்லை. நான் வெட்டியது, நீ கேள்வி கேட்டுவிட்டு நின்ற நேரத்தை மட்டும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், செப்டம்பரில், முழங்கால் பாடம். பெரியவரின் முழங்கால் சில்லைக் கையில் பிடித்துக்கொண்டு "இதுக்குப் பேரு" என்றாய். அப்புறம் பேச்சே இல்லை. நான் எடிட் செய்யும்போது கவனித்தேன், ஐம்பத்திரண்டு செகண்டு. நீ யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். முன் வரிசையில் கண்ணாடி போட்ட பெண் மெதுவாக எடுத்துக் கொடுத்ததும், "ஆமா, அதான்" என்று மேலே போனாய். மூன்று செகண்டுக்கு மேல் சத்தம் இல்லாவிட்டால் வெட்டு என்பது எங்கள் அறையில் அந்த வருடம்தான் வந்த வழக்கம். வெட்டினேன். தூக்கமில்லாமல் வந்திருப்பாய் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் இரண்டு இடம். அதற்கடுத்த வாரம் ஐந்து. பேர் வராத இடத்தில் "அந்த இது", "இங்க இருக்கே இது" என்று சமாளித்தாய். யாராவது பார்த்துப் புகார் எழுதினால் உன்னை என்ன செய்வார்களோ என்று பயம் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த வேலையை ஆரம்பித்தேன். முதல் வருடப் பதிவுகள் என்னிடம் இருந்தன. அதில் எல்லா எலும்புக்கும் நீ கணீரென்று பேர் சொல்லியிருக்கிறாய். அந்தச் சொற்களை எடுத்து, புதுப் பதிவில் ஒட்டினேன். உதடு பொருந்தாது என்பதால் அந்த நேரம் படத்தைப் பெரியவர் பக்கம் திருப்பிவிடுவேன். ரிஜிஸ்டரில் நான்கு என்று எழுதினேன், யாரும் தோண்டக் கூடாது என்று.

உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. எத்தனையோ நாள் உன் அறை வாசல் வரை வந்திருக்கிறேன். "என்னடா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்பாய். காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன். போன மார்ச்சில் கடைசி வகுப்புக்கு மட்டும் பத்தொன்பது இடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. அதை முடித்த அன்று வேலையை விட்டேன். உன் குரலைக் கேட்க முடியாமல்தான் போனையும் எடுக்கவில்லை.

வெட்டிய துண்டுகளை எல்லாம் ஒரு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். நீ கேட்ட கடிதத்தை எழுதலாம். எழுதினால் உன் வகுப்பு உனக்குத் திரும்ப வரும். ஆனால் ஆதாரம் கேட்பார்கள், அந்த டிஸ்க்கைக் கொடுத்தாக வேண்டும். நீ சொல்கிறபடி செய்கிறேன். அதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு டாக்டரைப் பார்.

தம்பி


ஜூலை 20

தம்பி,

டாக்டரைப் பார்த்தாயிற்று. ஸ்கேனும் எடுத்தாயிற்று. மூளையில் இடது பக்கம் ஒரு கட்டி. மெதுவாக வளர்கிற ரகமாம். அது இருக்கும் இடத்தின் பேரை நானே எத்தனையோ வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். டாக்டர் சொன்னதும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன்னை நோகடிக்க எழுதவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

எனக்குத் தெரியாமல் இல்லை. வகுப்பில் சொல் வராமல் நின்றது எனக்குத்தானே? வீட்டில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பேரைத் தேடியிருக்கிறேன். நீ போன் எடுக்காதது எனக்கு ஒரு விதத்தில் வசதியாகப் போனதும் அதனால்தான். எழுத உட்கார்ந்தால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், நாலு நாள் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பார்ப்பதில்லை. பசங்கள் யோசிக்க நின்றேன் என்று உன்னிடம் வீராப்பாக எழுதினேனே, எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமைக்கு இதே டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மாலை, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அந்த வாரத்து வீடியோவைப் போட்டேன். தோள்பட்டைப் பாடம். அன்றைக்கு 'தோள்பட்டை' என்ற சொல் கிடைக்காமல் வியர்த்து நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வீடியோவில் நான் தோள்பட்டை என்று பளிச்சென்று சொல்கிறேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நான் நினைத்துக்கொண்டதுதான் தப்பு, எல்லாம் மனப்பிரமை என்று தோன்றியது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உன் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும். மறுநாள் காலை டாக்டருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறமும் பயம் வரும்போதெல்லாம் வீடியோவைத்தான் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை வருடம். எனக்கு அதுதான் மருந்து மாதிரி இருந்தது.

டாக்டரிடம் கேட்டேன். "அப்பவே வந்திருந்தா பேச்சு இருக்குற இடத்தத் தொடாம எடுத்திருக்கலாம். இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார்.

அந்தக் கடிதத்தை எழுது. டிஸ்க்கையும் கொடு. ஆபரேஷன் ஆகஸ்டு கடைசியில். அது வரைக்கும் ஐந்து வாரமாவது என் வகுப்பு எனக்கு வேண்டும், தட்டுத்தடுமாறி நடத்தினாலும் பரவாயில்லை. டைம்டேபிள் ஒட்டிவிட்டார்கள்தான், ஆனால் விதி விதிதானே.

அக்கா


ஜூலை 25

அக்கா,

ஆபீஸில் வைத்துப் படித்தேன். மேலே எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

உன்னைப் பார்க்கிற ஆயிரம் பேரை நினைத்துத்தான் ஒட்டினேன். நீயும் பார்ப்பாய் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. உன் வீடியோவை நீ பார்த்து நான் பார்த்ததே இல்லையே அக்கா. மைக்கில் கேட்கும் உன் குரல் உனக்குப் பிடிக்காது என்றுதானே எப்போதும் சொல்வாய்.

தலைவருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். எந்தப் பாடத்தில் எத்தனை இடம், எந்தச் சொல் எங்கிருந்து எடுத்தது என்று பதினான்கு பக்கம். ரிஜிஸ்டரில் பொய் எழுதியது நான், உனக்குத் தெரியாது என்றும் எழுதினேன். டிஸ்க்கும் கூரியரில் போயிற்று. என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுக்கட்டும்.

நான் அங்கே வரட்டுமா? நீ வராதே என்றால் வர மாட்டேன். என்னை மன்னிப்பாயா என்று கேட்கவும் வாய் வரவில்லை, ஆனால் கேட்கிறேன்.

தம்பி


ஆகஸ்டு 19

தம்பி,

உன் பதினான்கு பக்கத்தைத் தலைவர் என் எதிரிலேயே வைத்துப் படித்தார். கெட்ட மனுஷன் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டு வருட வீடியோக்களையும் அன்றைக்கே இறக்கிவிட்டார்கள். அப்போ வகுப்பு எனக்குத்தானே என்று கேட்டேன்.

"மேடம், முதல் வருஷம் எடுத்தது இருக்கே. அதுல ஒட்டு வேலை எதுவும் இல்ல, வெட்டுனதும் மூணு நாலு நிமிஷம்தான். விதிப்படி சரியா இருக்கு. அத ஓட்டுறோம். நீங்க உடம்பப் பாத்துக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த முதல் வருடத்து வீடியோவைப் பார்த்தேன். அதில் இருப்பது நான்தான். முடி கருப்பாக இருக்கிறது. நான் ஜோக் அடிக்கிறேன், பசங்கள் சிரிக்கிறார்கள். கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறேன், நிஜமாகவே அவர்கள் யோசிக்கத்தான் நிற்கிறேன். அவளிடம் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. சண்டை போட ஆள் இல்லாமல் டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஆபரேஷன் இருபத்தெட்டாம் தேதி. அதற்கப்புறம் பேச்சு வரலாம், கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். டாக்டர் மூன்றையும் ஒரே குரலில் சொன்னார். இந்தக் கடிதத்துக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது. அகராதி தேய்ந்துவிட்டது.

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தாய். இல்லை. முயற்சி செய்தேன், முடியவில்லை. உன்னை நினைத்தால் பாசமும் வருகிறது, அந்தத் திங்கட்கிழமையும் வருகிறது. இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. ஆனாலும் வா. உன் மாமா ஒருவரே ஆஸ்பத்திரியில் இருந்தால் டாக்டர் ஒன்று சொல்ல அவர் ஒன்று புரிந்துகொள்வார்.

ஒரே ஒரு கண்டிஷன். எனக்குச் சொல் வராவிட்டால் நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும். தேடுவது என் வேலை. உன் கை சும்மா இருக்காது என்று தெரியும், அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன். நீ உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா


செப்டம்பர் 2

அக்கா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இதை எப்போது படிப்பாய், படிக்க வருமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. இத்தனை நாள் எழுதிப் பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

கட்டியை முக்கால்வாசி எடுத்துவிட்டார்கள். மீதி பேச்சு இருக்கிற இடத்தோடு ஒட்டியிருக்கிறதாம், தொடவில்லை. நீ கண் விழித்து மூன்று நாள் ஆயிற்று. மாமா ஆப்பிள் நறுக்கிக்கொண்டே இருக்கிறார், நீ சாப்பிட மாட்டாய் என்று தெரிந்தும் நிறுத்த மாட்டேன் என்கிறார். யார் என்ன சொன்னாலும் உனக்குப் புரிகிறது. கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறாய். தண்ணீர் வேண்டும் என்றால் டம்ளரைப் பார்க்கிறாய். நேற்று அப்படிப் பார்த்தபோது தண்ணீர் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து நீயே கையை நீட்டி எடுத்துக் குடித்தாய்.

இன்று சாயங்காலம் என் பக்கம் திரும்பினாய். உதடு அசைந்தது. என்னைத்தான் கூப்பிடப் பார்க்கிறாய் என்று தெரிந்தது. நர்ஸ் பாவம், உதவி செய்கிறேன் என்று "யாரு வந்திருக்காங்க பாருங்கம்மா, உங்க" என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். கோபித்துக்கொண்டு வெளியே போனார். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், பார்த்துவிட்டேன். ஆறு நிமிடம். உன் நெற்றியில் நரம்பு புடைத்தது. இரண்டு முறை கண்ணை மூடித் திறந்தாய். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சார்" என்றாய்.

சரியாகச் சொல்லிவிட்டோமா என்று என் முகத்தையே பார்த்தாய்.

"சொல்லுக்கா" என்றேன்.

தம்பி